உப்புக் காத்தும் ஒரு ஹெரால்டும்

துருவிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எழுத உட்கார்ந்தால் முதலில் பெயின்ட்டின் மினுமினுப்பு வரும், பிறகு தாத்தா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்த கதை வரும். மாப்பிள்ளையூரணிக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே பழைய கார் என்றால் துருதான் முதல் பேச்சு. கதவின் அடிமடிப்பில் துரு, டிக்கித் தரையில் துரு, மட்கார்டுக்குள் துரு, போன மாதம் மாற்றிய போல்ட்டின் தலையில் துரு. வீட்டுக்கு வருகிறவர்கள் காரைப் பார்த்து "அட, இன்னும் ஓடுதா?" என்று கேட்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் எதுவும் கேட்காமல் குனிந்து அடியில் பார்ப்பார்கள்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடி மாநகரத்தின் வடக்கு விளிம்பில், ராமநாதபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறோம். அந்தப் பக்கம் தருவைகுளம், இந்தப் பக்கம் திரேஸ்புரம், சுற்றிலும் உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து உப்பு. தை பிறந்து பாத்தி கட்டினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை சாலையோரம் வெள்ளை அம்பாரம்தான். லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும்போது வழிநெடுக உப்பு நீர் சொட்டும். அதன் மேல்தான் எங்கள் கார் போகவேண்டும்.

துரு பிடிக்க இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் போதும். உப்பு நாலாவதாக வந்து காரியத்தை வேகப்படுத்துகிறது. உப்பு கரைந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். துரு பிடிப்பதே ஒரு மின்வேதி வேலைதான், ஆகவே அதற்குக் கொண்டாட்டம். போதாதற்கு உப்பளத்து உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சொட்டு மழை இல்லாத மே மாதத்தில் காரின் அடிப்பாகத்தைத் தொட்டால்கூட விரல் பிசுபிசுப்பது இதனால்தான். மதுரையில் நிற்கிற கார் மழைக்கு மட்டும் பயந்தால் போதும். எங்களுக்கு வெயில் காலமும் மழைக்காலம்தான்.

கார் 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 2, இரண்டு கதவு. தாத்தா உப்புத் தரகர். உள்ளூர் உப்பளக்காரர்களுக்கும் வெளியூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிறவர். வ.உ.சி. துறைமுகம் என்று இன்று நாம் சொல்கிற புதுத் துறைமுகம் 1974 ஜூலையில் திறந்தது. அந்த வருஷம்தான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து மாற்றலாகிப் போனவரிடமிருந்து இந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கினார். உப்பு விற்ற காசில் வாங்கின கார். அந்தக் காசை உப்பு இன்றைக்கும் திரும்ப வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறது.

ஹெரால்டு என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் "அது என்ன வெளிநாட்டுக் காரா?" என்பார்கள். இல்லை, நம்ம மெட்ராஸ் கார். லைசென்ஸ் ராஜ்ஜியக் காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் மூன்றே கம்பெனி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் செய்த பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். ஸ்டாண்டர்டு 1948-ல் தொடங்கியது, ஆலை வண்டலூர்ப் பக்கம். வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று வரிசையாகச் செய்துவிட்டு 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு 1961 என்றால் வேறு ஞாபகம் வரும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது அந்த வருஷம்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வீட்டில் முத்துச்சிப்பி பற்றிப் பேச்சு வந்தால் ஆச்சி எப்படியோ சுற்றிவளைத்துக் காருக்கு வந்துவிடுவாள்.

அம்பாசடர் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஃபியட்டுக்கு பம்பாய் டாக்சிகளின் புகழ் இருக்கிறது. அங்கே கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்ற 2023 அக்டோபரில் நாடே உச்சுக்கொட்டியது. ஹெரால்டுக்கு அழ ஆளில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. லூகாஸ் டிவிஎஸ் 1961-ல் பாடியில் வந்தது, டன்லப் ஆலை அம்பத்தூரில் இருந்தது. மெட்ராஸைச் சுற்றி வளர்ந்த அந்த உதிரிபாகத் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த கார் இது. இன்று சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறோம். அந்தப் பேச்சில் வண்டலூர் வருவதே இல்லை. 1970களில் கஸல் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள், 1977 வாக்கில் அதுவும் நின்றது. பிறகு 1985-ல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்புக்குள் பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று விட்டார்கள். மாருதி வந்து மைலேஜ் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கின நேரம். அதோடு கதை முடிந்தது, 1988-ல் பூட்டு.

சரி, இந்தக் காரில் அப்படி என்ன இருக்கிறது?

முன்பக்கம் முழுசாகத் திறக்கும். பானட் மட்டும் இல்லை, இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். திறந்தால் இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் வெட்டவெளியில் இருக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எங்கள் அண்ணாச்சி அப்படித்தான் உட்காருவார். டீ கிளாஸை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது டயரில் ஒருக்களித்து உட்கார்ந்து, கார்ப்புரேட்டரை மடியில் வைத்துக் கழற்றுவார். இப்போது வருகிற கார்களில் ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்றவேண்டியிருப்பதை நினைத்தால் அந்த உட்காரலுக்கே தனி மரியாதை தரலாம்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் எதிரே டவுன்பஸ், பின்னால் லோடு ஆட்டோ என்று மாட்டும்போது இதன் அருமை தெரியும். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில், மற்றவர்கள் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஒரே வீச்சில் திரும்பி வந்திருக்கிறோம்.

மூன்றாவது விஷயம்தான் எங்கள் ஊருக்குப் பொருந்தியது. இந்தக் காரின் உடம்பு ஒரே வார்ப்பு கிடையாது. அடியில் தனிச் சேஸ்; மேலே முன் பகுதி, பின் பகுதி, கூரை எல்லாம் தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டு இறுக்கியது. அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆளில்லை. அதனால் துண்டு துண்டாக வெவ்வேறு பட்டறையில் செய்து மாட்டிக்கொள்கிற மாதிரி வடிவமைத்தார்கள். அதற்கு இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோத்தி உருவம் கொடுத்தார். அங்கே நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு, மெட்ராஸில் பெட்டி பெட்டியாக இறக்கிக் கோக்க வசதியாகப் போனது. ஐம்பது வருஷம் கழித்து எனக்கும் வசதியாகப் போனது. ஃபியட்டில் அடித்தளம் அரித்தால் காரின் எலும்பே போயிற்று என்று அர்த்தம். ஹெரால்டில் அரித்த துண்டைக் கழற்றி, தகடு வைத்து, திரும்ப மாட்டலாம்.

கூரையைக்கூடக் கழற்றலாம். சித்தப்பாவுக்குக் கல்யாணம் முடிவானபோது, கூரையைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போகலாம் என்று ஒரு யோசனை சொன்னாராம். "ஏலே, நீ வேணா சட்டையக் கழத்திட்டுப் போ, காருக் கூரையத் தொட்டே தொலைச்சிருவேன்" என்று தாத்தா முடித்துவிட்டார். சித்தப்பா இன்றைக்கும் அந்த போல்ட்டுகளை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

உப்போடு சண்டை போடுவது எப்படி என்று கேட்டுச் சிலர் மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். சொல்கிறேன், ஆனால் உங்கள் ஊரில் இவ்வளவு தேவைப்படாது.

முதல் வேலை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவது. கழுவுவது என்றால் மேலே ஷாம்பூ போடுவதில்லை. சேஸின் இரண்டு பக்கமும் நீண்டிருக்கிற சட்டங்கள் உள்ளே பொள்ளல். அதில் நீர் வடிகிற ஓட்டைகள் மண்ணால் அடைத்துப்போகும். கம்பியால் குத்தி ஓட்டையைத் திறந்து, உள்ளே ஹோஸ் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை விடவேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரை அப்படிச் செலவழித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது எண்ணெய். கடையில் விற்கிற அண்டர்கோட்டிங் கறுப்பாக, கெட்டியாக, பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடியில் துரு இருக்கும்போதே அதைப் பூசினால், உள்ளே ஈரத்தைச் சிறை வைத்த மாதிரி ஆகிவிடும். வெளியே கறுப்பு, உள்ளே சல்லடை. அண்ணாச்சியின் மாமனார் தோணிப் பட்டறையில் வேலை பார்த்தவர். மர வள்ளங்களுக்கு இந்தக் கரையில் காலங்காலமாக மீன் எண்ணெய் பூசுவார்கள். "பலகைக்கு ஆவுறது தகரத்துக்கு ஆவாதா?" என்று அந்த மனிதர் சொன்னதை வைத்து, அண்ணாச்சி ஒரு நாள் திரேஸ்புரத்திலிருந்து ஒரு கேனில் எண்ணெய் கொண்டுவந்தார். ஸ்பிரே கன்னில் ஊற்றி, சேஸின் பொள்ளலுக்குள் அடித்தார். முதல் வாரம் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவிலுள்ள பூனைகள் அத்தனையும் காருக்கடியில் குடிவந்தன. எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "தம்பி, வீட்ல சாளை வாங்கினியளா, நாறுதே?" என்று கேட்டார். ஆனால் வாடை போன பிறகு கையை விட்டுப் பார்த்தால், உள்ளே மெழுகு பூசினது மாதிரி ஒரு படலம் காய்ந்து நின்றது.

இது நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ராபர்ட் ஃபெர்குசன் என்று ஒரு கப்பல் கேப்டன். துருப்பிடித்த இரும்புத் தளத்தில் மீன் எண்ணெய் சிந்தின இடத்தில் மட்டும் துரு பரவாமல் நின்றதைக் கவனித்தார். அதை வைத்து அமெரிக்காவில் 1921-ல் ரஸ்ட்-ஓலியம் என்ற பெயின்ட் கம்பெனியையே தொடங்கினார். கப்பல்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் ஒரே மாதிரி மூளை. என்ன, நம்மவர்கள் கம்பெனி தொடங்கவில்லை.

மூன்றாவது, முன் சக்கரத்தில் இருக்கும் ட்ரன்னியன். ஹெரால்டு வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள். சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடியில் மரை போட்டிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் சுற்றி உட்காரும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது. கெட்டியான கியர் ஆயில், இ.பி. 90 விடவேண்டும். மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து மரைக்குள் போகாமல் நிற்கும், தண்ணீர் புகும், தண்டு அரித்துக்கொண்டே வந்து ஒரு நாள் மளுக்கென்று முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துவிடும். வேகத்தில் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. உப்பு நீர் இருக்கிற ஊரில் இந்த ஆபத்து இரட்டிப்பு.

எங்கள் காரின் வெண்கலக் கட்டைகள் தேய்ந்து ஆட்டம் கொடுத்தபோது மாற்றுக் கட்டை எங்கும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்தால் கார் வாங்கின விலையைத் தாண்டியது. அண்ணாச்சி பழைய கட்டையை ஒரு துணியில் முடிந்துகொண்டு, விசைப்படகுகளுக்கு வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனார். பட்டறை என்றால், தகரக் கொட்டகை. ஒரு மூலையில் கழற்றிப்போட்ட லேலண்ட் படகு இன்ஜின், இன்னொரு மூலையில் பாசி காய்ந்த புரொப்பல்லர். லேத்காரர் கட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணு எடக்கை மரைல்லா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரு பக்கம் வலக்கை, இன்னொரு பக்கம் எடக்கை."

"எந்த ஊருக்காரன் செஞ்சான்?"

"டிசைன் இங்கிலீஷ்காரன். செஞ்சது மெட்ராஸ்."

"ம். புத்திசாலிதான்."

படகுச் சாஃப்ட் புஷ்ஷுக்கு வைத்திருந்த கன்மெட்டல் தண்டை எடுத்தார். கடல் தண்ணீரிலேயே கிடக்கிறதுக்கென்று வார்த்த உலோகம் அது. அளவெடுத்து, கடைந்து, மரை வெட்டி, பழைய தண்டை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தபோது ஆட்டமே இல்லை. எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் விரலால் சுழற்றினாலே இறங்கியது. கேட்ட கூலி குறைவு. கொஞ்சம் கூட்டிக் கொடுத்ததற்கு, "வள்ளத்துக்குச் செஞ்சா இதே ரேட்டுதான், காருன்னா என்ன பெரிய காரு" என்று மிச்சத்தைத் திருப்பிக் கையில் வைத்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பழைய கார் காப்பாற்றுவது கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கிற வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். உப்புக்கரையில் காப்பாற்றுவது கஷ்டம்தான், ஆனால் அது தெரிந்த கைகள் இங்கேதான் அதிகம். இங்கே உள்ள லேத்காரர், வெல்டர், ரேடியேட்டர் அடைக்கிறவர் எல்லோரும் தினமும் கடல் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள். டிங்கர் ஒருவர் பழைய தகட்டை எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும் என்று சுத்தியல் முனையால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்வார். டிங்கென்றால் இரும்பு, டொக்கென்றால் பட்டிக்கு அடியில் துரு. அந்தக் காதை எந்த ஷோரூமிலும் பார்த்ததில்லை.

ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. 948 சிசி இன்ஜின். வேகத்தைப் பற்றி ஆசைப்படக்கூடாது. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகிற வகை. நேர்ச் சாலையில் சுகம், வளைவில் சேட்டை. வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டு பயத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால், பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். "வளைவுக்கு முன்னாலயே பையப் போ, உள்ள போன பிறகு பயப்படாதே" என்பது தாத்தா அப்பாவுக்குச் சொன்ன பாடம், அப்பா எனக்குச் சொன்ன பாடம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரியும், துறைமுகத்துக்குப் போகிற காற்றாலை இறக்கை ஏற்றின மைல் நீள ட்ரெய்லரும் நம்மை உரசிக்கொண்டு போகும்போது, அந்த அமைதியைக் காப்பாற்றுவது கொஞ்சம் சிரமம்தான்.

ஆச்சிக்கு இதில்தான் போகவேண்டும். இரண்டு கதவு என்பதால் பின் சீட்டுக்கு ஏற முன் சீட்டை மடக்கவேண்டும். அவள் முன் சீட்டில்தான் உட்காருவாள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆத்தூர்ப் பக்கம் வாழைத்தோட்டக் காற்று வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஏசி காரில் கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்பாள். காணும் பொங்கலுக்கு முயல் தீவுக்குக் கட்டுச்சோறோடு எட்டுப் பேர் இந்தக் காரில் போன கதையை அவள் சொல்லும்போது, எட்டு பத்தாகும், பத்து பன்னிரண்டாகும். நான் திருத்துவதில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 17-ஆம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வருஷம் முழுக்கப் பெய்யவேண்டியதைவிட அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தூத்துக்குடியின் பாதி நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது, அளங்களில் குவித்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்தே போயின. எங்கள் வாசலில் ஹெரால்டின் சீட்டுவரை தண்ணீர் நின்றது. தண்ணீர் அவ்வளவு ஏறுவதற்கு முன்பே அப்பா இறங்கிப் போய் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்தார். அவர் செய்த நல்ல காரியங்களில் அது முதன்மையானது.

தண்ணீர் வடிந்ததும் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று அண்ணாச்சி போனிலேயே கத்திவிட்டார். வந்தவர் முதலில் பிளக்குகளைக் கழற்றினார். சம்ப்பில் இருந்து வடித்த ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இறங்கியது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் வடித்து, இன்ஜினைக் கையால் சுற்றி உள்ளே இருந்த தண்ணீரை வெளியே துப்ப வைத்தார். பிரேக் டிரம்மைக் கழற்றிக் கழுவினோம். டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பிரித்து வெயிலில் வைத்தோம். வயர்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். இப்படி எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் உப்பை அலசாமல் காயவிட்டால் ஒவ்வொரு இணைப்பும் பச்சை பூத்துப்போகும். சீட்டுகள் மொட்டைமாடியில் கிடந்தன. புது ஆயில், புது பாயின்ட் செட். சோக்கை இழுத்து, கொஞ்சம் அடம் பிடித்து, புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. தெருவே வந்து நின்று பார்த்தது. அதே தெருவில் நனைந்த புதுக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் போய்விட்டன. சரிசெய்கிற செலவு காரின் மதிப்பைத் தொட்டதால் சிலதை இன்ஷூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று எழுதிக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதைச் சொல்லிப் பெருமை அடிக்கலாம், ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வெள்ளம் கொண்டுவந்த உப்புச் சேறு சேஸின் பொள்ளலுக்குள் எங்கெங்கோ தங்கிவிட்டது. ஒரு வருஷம் கழித்து வலதுபக்கச் சட்டம் ஒன்று விரலால் குத்தினாலே பொத்தலானது. கேஸ் வெல்டிங்கில் 18 கேஜ் தகடு வைத்துப் புதுசாகக் கட்டினோம். ஸ்டார்ட் ஆன அன்றைக்குக் கைதட்டினவர்கள் அதைப் பார்க்க வரவில்லை.

"விண்டேஜ் நம்பர் வாங்கிட்டீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, உருமாற்றாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு. நம்பரில் 'விஏ' என்று வரும், முதலில் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. எங்கள் காருக்கு வயது தகுதி தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலை, அவ்வளவுதான். திருச்செந்தூருக்கு ஆச்சியைக் கூட்டிப்போவது எந்தக் கணக்கில் வரும்? ஆகவே சாதாரணப் பதிவிலேயே ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் எஃப்சி காட்டிப் புதுப்பிக்கிறேன். முன்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000. வலிக்கத்தான் செய்கிறது. புகை கக்கும் பழைய வண்டிகளைக் குறைக்கவேண்டும் என்ற நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வருஷத்தில் கொஞ்ச தூரமே ஓடுகிற காரையும் தினம் நூறு மைல் ஓடுகிற காரையும் ஒரே தராசில் வைப்பது சரியாகப் படவில்லை. காட்சிக்கு வைப்பதற்காக மட்டும் வைத்திருக்கவும் மனசில்லை. நிறுத்திவைத்த கார்தான் சீக்கிரம் சாகிறது. சீல்கள் காய்ந்து, பிரேக் ஒட்டி, ஓட்டைகளில் ஈரம் தங்கி. ஓடுகிற இன்ஜின் சூட்டில் ஈரமாவது காயும்.

பெட்ரோலிலும் இப்போது புதுத் தலைவலி. 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அது மென்மையாக்கி உப்ப வைக்கும்; காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், எங்கள் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். எத்தனாலைத் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிட்டேன். டேங்கை நிரப்பி மாதக்கணக்கில் போட்டுவைப்பதில்லை.

அக்கா மகன் சிரிக்கிறான். 2025 ஆகஸ்ட்டில் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மின்சாரக் கார்தான் பேச்சு. முதல் கட்டமாக வருஷத்துக்கு 50,000 கார் செய்கிற அளவு. வண்டலூரில் பூட்டின கதையை ஒரு பக்கம் கேட்டு வளர்ந்த எனக்கு, நம்ம ஊர்ப் பக்கமே கார் ஆலை வந்தது சந்தோஷம்தான்.

"மாமா, இப்ப வாற காரெல்லாம் பாடிய அப்படியே பெயின்ட் தொட்டிக்குள்ள முக்கி, கரன்ட் குடுத்து எடுத்துருவாங்க. மூலை முடுக்கெல்லாம் பிரைமர் ஏறிரும். உங்களுக்கு மீன் எண்ணெய் வேலையே கெடையாது" என்றான்.

உண்மைதான். அந்த முறை அறுபதுகளின் மெட்ராஸுக்கு வந்திருந்தால் என் பாதி சனிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். "அப்போ பத்து வருஷம் கழிச்சு அந்தக் காருக்கு பேட்டரி போச்சுன்னா லேத்துல கடைஞ்சு குடுப்பாங்களாடா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதுக்கும் ஒரு அண்ணாச்சி வருவாரு மாமா" என்றான். வரலாம்.

இந்தக் கோடையில் டிக்கித் தரைக்குத் தகடு மாற்றவேண்டும். கதவு ரப்பரும் போய்விட்டது, அதற்கு ஃபியட் ரப்பரை வெட்டிப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வலதுபக்கக் கதவின் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி உடைந்து, இப்போதைக்கு ஸ்பேனரால் சுற்றுகிறோம். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் ஊர்க் காயலான் கடையில் எங்காவது மார்க் 2 கைப்பிடி கண்ணில் பட்டால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். விலை பேசிக்கொள்வோம்.